பன்றி போட்ட பாதை

இங்கிலாந்தில் மலையே கிடையாது, வெறும் மேடுதான் என்று நாமக்கல்லில் இருக்கும் மச்சானிடம் போனில் அளந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கணக்குப்படி அது பொய்யும் இல்லை. தென்கிழக்கு லண்டனில் என் வீட்டிலிருந்து தெற்கே போனால் வருவது கென்ட். அங்கே மிக உயரமான இடமே 251 மீட்டர்தான். கொல்லிமலைக்காரர் யாராவது அதைப் பார்த்தால், மலை எங்கே என்று நம்மையே கேட்பார்.

ஆனால் கொல்லிமலைக்குப் போகிற சாலை 70 கொண்டை ஊசி வளைவுகள் போட்டு, பஸ்ஸும் லாரியும் ஏறிவிடும்படி சுற்றிச் சுற்றிப் போகிறது. கென்டின் சந்துகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எதிரே மேடு வந்தால் அதன் மூஞ்சியிலேயே ஏறிவிடும். ஏறியதும் இறங்கும். மறுபடி ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கொல்லிமலையில் பாதியைத் தவணை முறையில் ஏற்றிவிடும்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஏன் இந்த வம்பு என்றால், சர்க்கரை. எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். நடங்கள், நீந்துங்கள், சைக்கிள் ஓட்டுங்கள் என்று மூன்று வழி சொன்னார். நடந்தால் என் மனைவியும் கூட வருவாள். போகிற வழியெல்லாம் சமையலறைக் குழாயைப் பற்றிப் பேச வேண்டிவரும். நீந்த வேண்டுமென்றால் சட்டையைக் கழற்ற வேண்டும். மிச்சம் இருந்தது சைக்கிள்.

வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் வரிச் சலுகையோடு வண்டி வாங்கிக்கொள்ள இங்கே 1999 முதல் ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். நானும் கார்பன் ஃபைபரில் ஒன்று வாங்கினேன். அலுவலகம் மூன்று கிலோமீட்டர்.

"மூணு கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு கியராங்க?" என்றாள் மனைவி.

"வழியில ஒரு பாலம் இருக்கே."

அவள் பாலத்தை மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அந்தப் பக்கமெல்லாம் டீக்கடைல கேக்கா அடுக்கி வெச்சிருப்பாங்களாம். ஒரு துண்டு தொட்டீங்கன்னு தெரிஞ்சது, சைக்கிளை வித்துட்டுத்தான் மறுவேலை." முதுகுப் பையில் வைக்கச் சொல்லிப் பொடி இட்லி கட்டிக் கொடுத்தாள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே மரியாதை. உடம்போடு ஒட்டிய லைக்ரா, தோளில் மாட்டும் பட்டை, உட்காருமிடத்தில் ஒரு திண்டு. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மாடிப்படியில் என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாப்பிள்ளை இன்னும் துணி மாத்தலையாம்மா? கெளம்பிட்டாரே!" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டது வாசல் வரை கேட்டது.

அதற்குப் பிறகு பாதை மட்டும்தான். பன்னிரண்டு பதின்மூன்று மைல் போனால் டௌன் என்று ஒரு கிராமம். 1842-இல் சார்லஸ் டார்வின் லண்டன் இரைச்சல் வேண்டாமென்று குடும்பத்தோடு வந்து தங்கி, 1882-இல் இறக்கும்வரை இருந்த வீடு அங்கே இருக்கிறது. தோட்டத்து ஓரமாக மணல் போட்ட ஒரு நடைபாதை. தினமும் அதில்தான் நடந்தபடியே யோசிப்பாராம். எத்தனை சுற்று நடந்தோம் என்று மறந்துபோகாமல் இருக்க, ஒரு மூலையில் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்து, சுற்றுக்கு ஒன்றாக உதைத்துத் தள்ளுவாராம். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள் இந்தக் கல் ஏராளமாகக் கிடக்கிறது. உடைந்தால் கத்தி விளிம்புதான். மழை பெய்தால் கரையிலிருந்து அரித்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடும். அந்தப் பக்கம் டியூப் பஞ்சரானால், அது டார்வின் உதைத்த கல்லாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். ஒட்டுப் போடும்போது ஒரு பெருமை இருக்கும்.

இந்த நிலத்தின் அமைப்பே குடும்பஸ்தனுக்கு எதிரானது. ஒரு காலத்தில் இங்கே பூமி பெரிய கவிகையாக மேலெழுந்து நின்றது. உச்சி அரித்துக்கொண்டு போய்விட, வடக்கு ஓரத்தில் சுண்ணாம்புப் பாறை நார்த் டவுன்ஸ் என்ற நீண்ட முகடாக மிஞ்சியது. அதற்குத் தெற்கே மணற்பாறையில் இன்னொரு முகடு. அதையும் தாண்டினால் வீல்ட் என்கிற தாழ்ந்த களிமண் பூமி. இரண்டு முகடுகளுக்கும் லண்டனைப் பார்த்த பக்கம் மெல்லிய சாய்வு. தெற்குப் பக்கம் செங்குத்துச் சரிவு. ஆகவே காலையில் மெல்ல ஏறி, சர்ரென்று இறங்கி, மறுபடி மெல்ல ஏறி, மறுபடி சர்ரென்று இறங்கி, நமக்கும் ஏதோ திறமை இருக்கிறது என்ற நினைப்போடு வீல்டில் போய் நிற்பேன். வீடு திரும்பும்போதுதான் அந்த இரண்டு செங்குத்தும் எதிரே நிற்கும். அதற்குள் வெயில் ஏறியிருக்கும், இட்லி தீர்ந்திருக்கும், தொடை இரண்டும் தனித்தனியாக ராஜினாமா எழுதிக்கொண்டிருக்கும்.

சாலையை முகடுகளுக்கு இணையாகப் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அப்படியும் ஒன்று இருக்கிறது. ஏ25 என்கிற பெரிய சாலை இரண்டு முகடுகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தோடு கிழக்கு மேற்காகப் போகிறது. புத்தியுள்ள கார்களெல்லாம் அதில்தான். முகடுகளை வெட்டிக்கொண்டு போகிற ஒடுங்கிய சந்துகளைப் போட்டவர்கள் வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வட கென்டின் குடியானவர்கள் இலையுதிர் காலத்தில் பன்றிகளை வீல்ட் காட்டுக்கு ஓட்டிப் போவார்கள், ஓக் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளைத் தின்ன. வருஷாவருஷம் குளம்பு பட்டு வடக்கு தெற்காகத் தடம் விழுந்தது. பிறகு வண்டிச் சக்கரமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அரித்ததில், சில இடங்களில் இருபக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கரை நிற்க, பாதை மண்ணுக்குள் போய்விட்டது. மேலே மரங்கள் கை கோத்துக் கூரை போட்டிருக்கும். பன்றிக்கு ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பக்கம் தீனி இருக்கிறது, அது போதும். பொறியியல் படித்த நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் கணக்கை நம்பித்தான் மிதிக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சந்துகளின் அமைதி வேறெங்கும் கிடைக்காது. போன் சிக்னல் போய்விடும். குழாய் பற்றிப் பேச யாரும் இல்லை. செங்குத்தாக இருப்பதால்தான் யாரும் வருவதில்லை, யாரும் வராததால்தான் அமைதி. இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள். எனக்கு அமைதி மட்டும் போதும் என்றால் கொடுப்பதில்லை. என் மூச்சு அந்த அமைதியை எவ்வளவு கெடுக்கிறது என்பதைப் பறக்கிற ஃபெசன்ட் கோழிகளைக் கேட்டால் தெரியும்.

குதிரைகளும் வரும். மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டராவது விலகிக் குதிரையைத் தாண்ட வேண்டும் என்று 2022-இல் திருத்திய நெடுஞ்சாலை விதிநூல் சொல்கிறது. குதிரை என்னைத் தாண்டும்போது அது என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், மணற்பாறை முகட்டில், யார்க்ஸ் ஹில். வரைபடத்தில் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவுக்கு இரட்டை அம்புக்குறி போடுவார்கள். அம்பின் முனை இறக்கத்தைப் பார்த்திருக்கும், அதாவது ஏறுகிறவன் நெஞ்சைப் பார்த்து. யார்க்ஸ் ஹில்லின் செங்குத்தான இடத்தில் 25 சதவீதம்: நாலடி முன்னால் போனால் ஓரடி மேலே. மொத்தத் தூரம் முக்கால் கிலோமீட்டர்கூட வராது. கேட்ஃபோர்டு சைக்கிள் கிளப் 1887-இல் தொடங்கிய மலையேற்றப் போட்டியை இப்போது இங்கேதான் நடத்துகிறது. இன்றும் நடக்கும் சைக்கிள் போட்டிகளில் உலகிலேயே பழையது அதுதான் என்பார்கள். இலையுதிர் காலத்தில் கூட்டம் இருபுறமும் நின்று கத்த, பையன்கள் இரண்டு நிமிடத்தையொட்டி மேலே போய்விடுவார்கள்.

நான் போவது கூட்டம் இல்லாத நாளில். உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்குகிறது. எழுந்து மிதித்தால் ஈரச் சருகில் பின்சக்கரம் வழுக்குகிறது. உட்காராமலும் எழாமலும், மருமகன் மாமனார் முன்னால் இருப்பதுபோல ஒரு நிலையில் மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மெல்லிய ஒரு ரீங்காரம். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாள், மின்சைக்கிளில், முன்கூடையில் முட்டைக்கோசோடு. அந்த மோட்டாருக்குச் சட்டப்படி 250 வாட்தான் அனுமதி. என் வாட் எவ்வளவு என்று சட்டம் கேட்டதில்லை. "அருமையான காலை! பாதிக்கு மேல வந்துட்டீங்க" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். பாதிக்கு மேல் வரவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் போனை வாங்கிச் செயலியைப் பார்த்தாள். "அப்பா, நிறைய நேரம் நின்னிருக்கீங்க போல?"

நிற்கவே இல்லை. ஒரு வேகத்துக்குக் கீழே போனால், வண்டி நின்றுவிட்டது என்று முடிவுகட்டி அந்தச் செயலி தானாகவே கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளும். யார்க்ஸ் ஹில்லிலும், பிறகு சுண்ணாம்பு முகட்டிலும், உயிரைக் கொடுத்து மிதித்த நேரமெல்லாம் ஓய்வுக் கணக்கில் போயிருந்தது.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "கேட் பூட்டற சத்தம் கேட்டு அஞ்சு மணி நேரமாச்சு. இதுல ஓட்டினது நாலு மணிக்குக் கொஞ்சம் மேலேன்னுதான் போட்டிருக்கு. மிச்ச நேரம் எங்க இருந்தீங்க?"

இயந்திரமே அசைவு என்று ஒப்புக்கொள்ளாத வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தேன் என்று மாமியார் முன்னிலையில் எப்படிச் சொல்வது?

"கேக் சாப்பிட்டேன்" என்றேன்.

அவள் மறுபடி போனைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள்.

"முக்கால் மணி நேரமாவா? எத்தனை துண்டு?"