ஓசூரில் 'ஓவர்ஹேங்' உபயோகிப்பது எப்படி?

சிப்காட்டில் புதிதாக வேலைக்குச் சேர வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! முதல் வாரத்திலேயே 'ஓவர்ஹேங்' என்ற சொல் உங்கள் காதில் விழும். அகராதியைப் புரட்டினால் 'மேலே துருத்திக்கொண்டு நிற்பது' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரியை நம்பி இந்த ஊரில் பிழைக்க முடியாது. கீழ்க்கண்ட படிகளைப் பின்பற்றவும்.

படி 1: முன்பின் மாற்றாதீர்கள்.

ஓவர்ஹேங் வேறு, ஹேங்ஓவர் வேறு. முன்னது மெஷினில் டூலுக்கு வருவது. பின்னது, ஞாயிற்றுக்கிழமை மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய்வந்தவருக்குத் திங்கட்கிழமை முதல் ஷிப்டில் வருவது. இரண்டிலும் நடுக்கம் உண்டு என்பதால் குழப்பம் இயற்கைதான். ஆனால் 'ஓவர்ஹேங் அதிகம், ஜாப் ரிஜக்ட்' என்று எழுதவேண்டிய ரிப்போர்ட்டில் சொல்லைத் திருப்பிப் போட்டுவிட்டால், விளக்கம் சொல்ல மெஷினைக் கூப்பிட மாட்டார்கள்.

படி 2: நீட்டுவதற்கு முன் அளந்துபாருங்கள்.

ஹோல்டருக்கு வெளியே டூல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதுதான் ஓவர்ஹேங். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவும் இரண்டு மடங்காகும் என்று தோன்றும். ஆகாது, அதே விசைக்கு எட்டு மடங்காகும். மூன்று மடங்கு நீட்டினால் 27. ஸ்டீல் போரிங் பார் என்றால் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் நீட்டாதே என்பது பட்டறை வழக்கு. மீறினால் 'சாட்டர்' என்கிற நடுக்கம் வரும். ஜாப்பின்மேல் வரிவரியாகக் கோடு விழும்.

இதற்காகக் கால்குலேட்டரைத் தேடவேண்டாம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் என்று நீங்கள் எடைபோட்டு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், இரண்டு மெஷின் தள்ளி நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "தம்பி, டூலை உள்ளே தள்ளு" என்பார். முப்படிக் கணக்கெல்லாம் அவர் காதில் இருக்கிறது.

படி 3: லாரியின் வாலுக்கு மரியாதை கொடுங்கள்.

1980-இலிருந்து அசோக் லேலண்டு லாரி செய்யும் ஊர் இது. லாரிக்காரர்களுக்கு ஓவர்ஹேங் என்றால் பின்சக்கரங்களைத் தாண்டி நிற்கும் உடம்பு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 93-ஆம் விதி, பொதுவாக அது முன்பின் சக்கரங்களின் இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அதற்கும் வெளியே கம்பியை நீட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டுவது நம் கண்டுபிடிப்பு. துணி கட்டினால் கம்பி குட்டையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. லாரி வலப்பக்கம் ஒடித்துத் திரும்பும்போது வால் இடப்பக்கம் வீசும். இடப்பக்கச் சந்தில் பைக்கை நுழைக்கும் வீரர்கள் இந்தப் படியை இரண்டு முறை படிக்கவும்.

படி 4: மேஸ்திரியிடம் கேளுங்கள், ஆனால் எட்டியும் பாருங்கள்.

பெங்களூரு வாடகைக்குப் பயந்து இங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு ஓவர்ஹேங் என்றால் சன்ஷேடும் பால்கனியும். சுவரிலிருந்து நீளும் பலகை மேல்பக்கம் இழுபடும். ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்கவேண்டும். கான்கிரீட் கொட்டும் அவசரத்தில் யாராவது கம்பியின்மேல் ஏறி நின்று மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், சென்ட்ரிங் பிரிக்கிற நாளில் சன்ஷேடும் கூடவே இறங்கும்.

இதே சமாசாரத்துக்கு ஓட்டு வீட்டில் இறவாணம் என்று பெயர், கோயிலில் கொடுங்கை. தமிழில் சொல் இல்லாமல் நாம் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. மொட்டைமாடி வீட்டுக்குக் குடிபோகும்போது சொல்லைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

படி 5: இறந்தகாலத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஓவர்ஹேங்கை வினையாகச் சொன்னால் இறந்தகாலம் 'ஓவர்ஹங்'. 'ஓவர்ஹேங்டு' என்றால் இன்டர்வியூவில் புருவம் உயரும். "ஓவர்ஹேங் ஆயிடுச்சு சார்" என்றால் எந்த இலக்கணமும் உங்களை ஒன்றும் செய்யமுடியாது.

படி 6: விடுமுறை நாளில் பர்கூர் பக்கம் போய்வாருங்கள்.

மல்லப்பாடியில் பாறை ஒதுக்கிடத்தில் பழங்கால மனிதர்கள் வெள்ளை நிறத்தில் வரைந்த ஓவியங்கள் உண்டு. வார்னிஷ் இல்லை, கண்ணாடிச் சட்டம் இல்லை. மேலே நீண்டு நிற்கும் பாறைதான் மழையிலிருந்து காத்திருக்கிறது. எவ்வளவு நீட்டலாம் என்று அந்தப் பாறை எந்த விதிப்புத்தகத்தையும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு குன்றே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டூலுக்கும் லாரிக்கும் சன்ஷேடுக்கும் கேட்கவேண்டிய கேள்வியும் அதேதான்: வெளியே இவ்வளவு, உள்ளே எவ்வளவு?

இறுதித் தேர்வு:

ஷிப்ட் விடும் நேரத்தில் திடீர் மழை. டீக்கடை ஷீட் இரண்டடிதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன்கீழ் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் இருபது பேர். நீங்கள் நனைந்தபடி ஓரத்தில் நிற்கிறீர்கள். இப்போது அந்த ஆங்கிலச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவீர்கள்?

"அண்ணா, கொஞ்சம் உள்ளே தள்ளுங்க" என்று சொன்னவர்கள் பாஸ்.