ஒட்ட மறுக்கும் சவ்வு

கேள்வி: செல் சவ்வு வெறும் கொழுப்புதானே? பக்கத்தில் வந்தால் தானே ஒட்டிக்கொள்ளாதா? இரண்டு சவ்வுகளை இணைக்கப் புரதம் எதற்கு?

பதில்: தானே ஒட்டுமென்றால், உங்கள் உடம்பில் இத்தனை கோடி செல்கள் தனித்தனியாக இருப்பது எப்படி? சவ்வின் மேற்பரப்பு தண்ணீரை இறுகப் பிடித்திருக்கிறது. அதை விலக்க விசை வேண்டும். அந்த விசை ஸ்னேர் புரதங்களுடையது. இரு சவ்வுகளிலிருந்தும் நீளும் இழைகள் ஜடைபோல் முறுக்கிக்கொண்டு சவ்வுகளை நெருக்குகின்றன. 1998-இல் ஜேம்ஸ் ராத்மன் குழு இவற்றைச் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளில் பதித்தது, குமிழிகள் இணைந்தன. மிக மெதுவாகத்தானே என்று மறுக்கலாம். உண்மைதான், நரம்பு முனையில் இதே வேலை மில்லி விநாடிக்குள் முடிய, கால்சியத்தை உணரும் சினாப்டோடாக்மின் என்ற புரதமும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் சந்தேகமா? பாட்டுலினம் நச்சு வெட்டுவது ஸ்னேர் புரதத்தை, கொழுப்பை அல்ல. நரம்பின் கட்டளை தசைக்குப் போகாமல் மூச்சு நின்றுபோக அதுவே போதும்.