லோடு தாங்காது தம்பி

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் மற்ற ஹவுஸ் ஓனர்கள் சைவமா, அசைவமா என்று கேட்பார்கள். இவர் கேட்பது ஒன்றுதான்: "அயர்ன் பாக்ஸ் எத்தனை வாட்ஸ் தம்பி?" 750 என்றால் முகம் மலரும். 1000 என்றால், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பார்.

சாமான் இறக்கும் நாளில் இவருக்குத்தான் வேலை அதிகம். கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எதுவும் கண்ணில் படாது. மிக்ஸி வந்ததும் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை மூக்கு உரசப் படிப்பார். "750." டேபிள் டாப் கிரைண்டரைச் சாய்ப்பார். "150. பரவாயில்லை." ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நுழைந்து தலையில் ஒட்டடையோடு வெளியே வருவார். "200." கீசருக்கு மட்டும் தகடு தேவையில்லை. "2000" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் தானே சொல்லிக்கொள்வார். எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் ஏறும்.

அப்புறம் கூட்டல். மிக்ஸி, கிரைண்டர், கீசர், அயர்ன் பாக்ஸ், ஏ.சி., நாலு ஃபேன் எல்லாம் எந்த வீட்டில் ஒரே நிமிஷத்தில் ஓடுகின்றன? இவர் கவரில் ஓடும். 6000 வாட்ஸ் என்று கோடு போட்டு, அதை 230-ஆல் வகுத்து, "26 ஆம்ப்ஸ். லோடு தாங்காது தம்பி" என்பார். ஃப்ரிட்ஜின் 200-ஐ 24 மணி நேரத்தால் பெருக்கி, நாளைக்கு 4.8 யூனிட் என்று தனியாக ஒரு வரி. குளிர்ந்ததும் கம்ப்ரஸர் தானே நின்றுவிடும் சார், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று கதவிலேயே ஸ்டார் லேபிளில் போட்டிருக்கிறதே என்று காட்டினால், "கம்பெனிக்காரன் அப்படித்தான் போடுவான்" என்பார். தகட்டைப் போட்டவனும் அதே கம்பெனிக்காரன்தான். சொல்லிப் பயனில்லை.

ஊர்ச் சாமானையெல்லாம் புரட்டிப் பார்க்கிறவர் தன் மோட்டாரை மட்டும் புரட்டுவதில்லை. "ஒரு ஹெச்.பி. 746 வாட்ஸ், அவ்வளவுதான்." 746 என்பது மோட்டார் செய்து கொடுக்கும் வேலை. அதற்காக அது மீட்டரிலிருந்து இழுப்பது ஆயிரத்துக்குப் பக்கம் வரும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பல்பெல்லாம் ஒரு தரம் மங்கி எழுவது அதனால்தான். ஆனால் பல்பு மங்கினதும் கீழேயிருந்து குரல் வரும்: "மேல யாரும்மா கிரைண்டர் போட்டது? மோட்டார் ஓடுதுல்ல!" அரையும் குறையுமாக உளுந்து நிற்கும். டேங்க் நிரம்பி, சுவரோரம் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது. சித்திரை மாத நடு ராத்திரியில் பீஸ் போனால், லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கேரியரைப் பிடுங்கிக் கம்பி மாற்றுகிறவர் இவர்தான். ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டுக் காத்திருக்கும் தெருவில், முதலில் ஃபேன் சுற்றுவது நம் வீட்டில்தான். அந்த நேரத்தில் இவருக்குக் கோயிலே கட்டலாம்.

ரீடிங் எடுத்த மறுநாள் அந்த எண்ணம் போய்விடும். இவர் கவர் கவராக எழுதுவது 500-க்குப் பயந்து. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சர்வீஸ். நமக்கு சப் மீட்டர். தாண்டிவிட்டால் பழி நம் கீசருக்கு. மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கினால் ஆளுக்கு ஒரு 500 கிடைக்கும். வாங்க மாட்டார். ஏனென்றால் நம்மிடம் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் வாங்குகிறார். வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்பது 2016-லிருந்து நடைமுறை. நாலு வாட்ஸ் ஜீரோ பல்பைக்கூட விடாமல் எழுதுகிறவரின் கணக்கில் அந்த 100 மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. வாடகையைக் கூட்டிக் கேட்டால் கொடுத்துத் தொலைக்கலாம். அரசாங்கம் சும்மா கொடுப்பதை நம்மிடம் விற்பதை என்னவென்று சொல்வது?

போன தடவை சீட்டை நீட்டியபோது கேட்டேவிட்டேன். "அந்த 100 யூனிட் எதுல சார் வருது?"

"மோட்டார் ஓடுது தம்பி" என்று விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். மோட்டார் ஓடவில்லை, கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.