லயத்து வள்ளல்கள்

நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்களில் இருப்பவர்களைக் கஞ்சர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன் மாடு போட்டதைத் தானே வைத்துக்கொள்ளும் சுயநலம் அங்கே எவருக்கும் கிடையாது. விடிந்ததும் கொட்டகையில் குழாயைத் திறந்துவிட்டால் போதும். சாணமும் மூத்திரமும் கால்வாய் வழியே பக்கத்து வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, கடைசி வீட்டுக் கிழவியின் குசினி வாசல்வரை, பந்தியில் ஒருவரையும் விடாமல் பரிமாறப்படும். மழை பெய்தால் கொடை இன்னும் விரியும். செம்பனை வரிசைகளைத் தாண்டி ஓடைக்கு, ஓடையிலிருந்து லிங்கி ஆற்றுக்கு. அந்த ஆற்று நீரைத்தான் சுத்திகரித்துப் போர்ட்டிக்சன் வட்டாரத்துக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். நீரில் அம்மோனியா கூடினால் சுத்திகரிப்பு நிலையத்தையே நிறுத்த வேண்டிவரும். ஊழியர்களுக்கு ஓய்வு வாங்கித் தரும் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்?

இவர்களுடைய பாட்டன் பாட்டிகள் மகா கருமிகள். பால்மரம் சீவிவிட்டு வந்த களைப்பிலும் ஒரு கூடைச் சாணத்தை வெளியே விடமாட்டார்கள். கரைத்து வாசலில் தெளித்தார்கள். தட்டிக் காயவைத்து வறட்டியாக அடுக்கினார்கள். மிஞ்சியதைக் குழியில் போட்டு மக்கவைத்துக் கத்தரிக்கும் வெண்டைக்கும் இட்டார்கள். கோழி எச்சத்தைக்கூட விட்டுவைக்காமல் கூட்டி முருங்கைத் தூரில் கொட்டினார்கள். பேரப்பிள்ளைகள் அந்த அற்பத்தனத்தை உதறிவிட்டார்கள். இன்று கோழிக் கழிவு நைலான் பையில் இறுக்கிக் கட்டப்பட்டு, இருட்டிய பிறகு, மோட்டார் சைக்கிளில் இரண்டு வரிசை தள்ளிச் செம்பனைக் காட்டுக்குள் வீசப்படுகிறது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது அல்லவா! உரத்தை மட்டும் காசு கொடுத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

நாய் வளர்ப்பவர்களின் பக்குவம் தனி ரகம். தன் வாசலில் ஒரு துளி விழாமல், சரியாகத் தமிழ்ப்பள்ளி வேலியோரம் போனதும் உட்காரும்படி நாயைப் பழக்கியிருக்கிறார்களே, போலீஸ் நாய்க்குக்கூட இந்தப் பயிற்சி கிடைக்காது. பிள்ளைகளுக்கும் இதனால் கல்வி லாபம் உண்டு. கொக்கிப்புழு வெறுங்கால் வழியே எப்படி ஏறுகிறது, உருண்டைப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து விரல் வழியே வாய்க்கு எப்படிப் போகிறது என்ற அறிவியல் பாடத்தை வகுப்புக்கு வெளியிலேயே படித்துவிடலாம். எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் மூத்திரத்தால் மட்டுமா வருகிறது? மாடு, நாய், பன்றியின் மூத்திரத்தாலும் வரும். அரசு 2010 டிசம்பரில் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்கள் பதறவில்லை, வெறுங்காலோடு கால்வாயில் இறங்கி அடைப்பு எடுக்கிறார்கள்.

இந்த மாநிலத்துக்குப் பயம் புதிதல்ல என்பதும் காரணமாக இருக்கலாம். 1998, 1999இல் புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளில் மனிதர்கள் சாகத் தொடங்கியபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசுவைப் புகை போட்டுத் துரத்திய சுறுசுறுப்பை மறக்க முடியுமா? கொசு செத்தது, ஆட்களும் செத்தார்கள். நோய் வந்ததோ பன்றியின் எச்சில், மூத்திரம் போன்றவற்றை நெருங்கித் தொட்டதால். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடிக்கும்வரை அந்தச் சுறுசுறுப்பு நீடித்தது. மலேசியாவில் 265 பேருக்குத் தொற்று, 105 பேர் மரணம். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சுங்கை நிப்பா என்ற சிற்றூரின் பெயர் மட்டும் அந்தக் கிருமியின் பெயராகி உலக மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. அதைவிடப் பெருமை வேண்டுமா?

தோட்ட நிர்வாகத்தையும் வாழ்த்தாமல் விட்டால் பாவம். செம்பனைக் குலை ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு லயத்துக் கால்வாய் மட்டும் தெரிவதில்லை. தொழிலாளர் குடியிருப்பின் சுகாதாரத்தை முதலாளியின் தலையில் வைக்கும் 446ஆம் சட்டம் 1990இலேயே வந்துவிட்டது. பழைய சட்டத்துக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற மரியாதை போலும். 2020 முதல் கட்டாயமான செம்பனை நிலைத்தன்மைச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியாயிற்று. கண்ணாடியைத் தினமும் துடைக்கிறார்கள். திடக்கழிவுச் சட்டம் 2011 முதல் இந்த மாநிலத்தில் நடப்பில் இருக்கிறது. தாமான்களில் வாரம் தவறாமல் வரும் குப்பை லோரி, தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளே நுழையாமல் பண்போடு போய்விடுகிறது.

ஆகவே ஐயா, அம்மா, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். கொட்டகைக்குப் பின்னால், கால்வாயை விட்டுத் தள்ளி, இடுப்பளவு குழி ஒன்று வெட்டிவிடாதீர்கள். சாணத்தையும் கோழி எச்சத்தையும் அதில் போட்டுக் காய்ந்த இலையால் மூடினால் சில மாதத்தில் நல்ல எருவாகிவிடும் அபாயம் இருக்கிறது. நாய்க் கழிவைக் காய்கறிப் பாத்திப் பக்கம் கொண்டுபோகாமல் தனியே ஆழமாகப் புதைத்தும் தொலைக்காதீர்கள். அப்புறம் கடைசி வீட்டுக் கிழவிக்கு நீங்கள் கொடுக்க எதுவுமே இருக்காது.