தள்ளி உக்காரும்மா!

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் திருநங்கையரையும் தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும் பற்றியவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கல்லூரி மாணவர், செங்கம்: அரவாணி, திருநங்கை, திருநர்... எதைச் சொன்னால் தப்பில்லை?

பெயரைச் சொன்னால் தப்பே இல்லை. பொதுவாகப் பேசும்போது, ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுச்சொல் திருநர். 'அரவாணி' என்பது கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஒட்டி வந்த பெயர். இன்று பலர் அதை விரும்புவதில்லை. உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால், மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-ல் அரசிதழிலேயே வெளியிட்டது.

அதற்கும் முன்னால் ஒரு திருத்தம் இருக்கிறது. "அது வருது, இது போகுது" என்று பேசுவதை நிறுத்துங்கள். தொல்காப்பியர் தம் இலக்கண நூலின் கிளவியாக்கப் பகுதியில் இவர்களை உயர்திணையில்தான் வைத்தார். அஃறிணைக்குத் தள்ளியது நம் வாய்.

வியாபாரி, போளூர்: இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே?

அங்கிருந்து வந்தது சட்டம். 1860-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுதான் தன்பாலின உறவைக் குற்றமாக்கியது. வயது வந்த இருவர் மனமொத்து நெருங்குவது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 158 வருஷம் ஆயிற்று. அந்த நாள் 2018 செப்டம்பர் 6. மனிதர்கள் எப்போதும் இங்கேதான் இருந்தார்கள். ஆளே இல்லாமலா தொல்காப்பியர் இலக்கணம் எழுதினார்?

ஒரு தாய், வந்தவாசி: என் மகனுக்கு 19 வயது. பெண்கள் மேல் நாட்டம் வராது என்கிறான். எந்த டாக்டரிடம் காட்டினால் சரியாகும்?

அம்மா, இது நோய் இல்லை. சரிசெய்ய இதில் ஒன்றும் இல்லை. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று டாக்டர் சொன்னாலும் சாமியார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டது. ஒருவரை ஒருவர் நேசித்து, வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் தொடுத்த வழக்கு அது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதன் பிறகே உத்தரவை எழுதினார். நீதிபதியே கற்றுக்கொண்டார் என்றால் பெற்றவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

பல நாள் தொண்டையில் அடக்கி வைத்ததைப் பையன் உங்களிடம்தான் சொல்லியிருக்கிறான். இன்று ராத்திரி அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுங்கள். பேச்சு தானாக வரும்.

வாசகி, கண்ணமங்கலம்: இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா?

சேர்ந்து வாழ முடியும். கல்யாணமாகப் பதிவு செய்ய இன்னும் சட்டம் இல்லை. அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2019-ல் தூத்துக்குடித் தம்பதியின் வழக்கில், 'மணமகள்' என்ற சொல் திருநங்கைக்கும் பொருந்தும் என்று மதுரைக் கிளை சொன்னது. கதவு இன்னும் திறக்கவில்லை. தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக விலகுகிறது.

ஆசிரியர், தண்டராம்பட்டு: சாதியே இன்னும் ஒழியவில்லை. அதற்குள் இது எதற்கு?

உங்கள் வட்டத்தில் இருக்கிற தென்முடியனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 30 அன்று, கலெக்டர் உடன் வர, போலீஸ் காவல் நிற்க, பட்டியலின மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகக் கால் வைத்தார்கள். அந்தக் குடியிருப்பில் ஒரு திருநங்கை பிறந்தால், கோயில் வாசலில் சாதி மறிக்கும், சொந்த வாசலில் பாலினம் மறிக்கும். இரண்டும் விழுவது ஒரே ஆள் மேல்தானே? ஒன்று முடிந்தபின் மற்றது என்று அவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

தலித்தாகவும் திருநங்கையாகவும் இருந்து போராடும் கிரேஸ் பானு கேட்கும் கிடைமட்ட இடஒதுக்கீடு இதற்காகத்தான். திருநர் எல்லோரையும் ஒரே சாதிப் பட்டியலில் அடைக்காமல், ஒவ்வொரு பட்டியலுக்குள்ளும் அவர்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்கிறார். கர்நாடகம் அரசு வேலைகளில் இப்படி 1 சதவீதத்தை 2021-லேயே கொடுத்துவிட்டது.

சினிமா ரசிகர், கீழ்பென்னாத்தூர்: திருநங்கை வேடத்தில் யார் நடித்தால் என்ன? நடிப்புதானே?

2019-ல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. 'பேரன்பு' படத்தில் திருநங்கையாக நடித்தவர் திருநங்கையான அஞ்சலி அமீர். 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் அந்த வேடம் விஜய் சேதுபதிக்கு. அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நல்ல நடிகர், நிஜமான உழைப்பு. இருந்தும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துத் திருநங்கையர் சிலர், "எங்கள் வாழ்க்கை இப்படி இல்லை" என்று வருந்தினார்கள். வேடம் யாரும் போடலாம். கதை சொல்லும்போது, வாழ்ந்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா', ஏ. ரேவதியின் 'வெள்ளை மொழி' இரண்டையும் தேடிப் படியுங்கள். சொந்தக் குரல் எப்படி ஒலிக்கும் என்று தெரியும்.

மாணவி, செய்யாறு: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழனின் நடையைக் கிண்டல் செய்து வீடியோ போடுகிறார்கள். நான் ஒருத்தி என்ன செய்ய?

மூன்று காரியம். அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். குழுவிலேயே "இது தப்பு, எடுத்துடுங்க" என்று ஒரு வரி போடுங்கள். நாற்பது பேர் சும்மா இருக்கும் இடத்தில் ஒரு வரி போதும், அடுத்த ஆளுக்குத் துணிச்சல் வரும். பிறகு அந்தத் தோழனிடம் தனியாகப் பேசி, "நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். "நீ அப்படியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம்.

பக்தர், ஆரணி: எங்கள் தெருவில் திருநங்கைக்கு வாடகைக்கு வீடு தர மாட்டேன் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களும் தீபத்துக்கு அண்ணாமலை வருகிறவர்கள்தான்.

அப்படியென்றால் தீபத்தன்று என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு முன்னால் கூட்டம் மூச்சைப் பிடித்து நிற்கும். ஆணும் பெண்ணுமான அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே கொடிமரம் வரை வருவார். வருஷத்துக்கு ஒரே தடவை, சில நிமிடம்தான். அந்த நேரத்தில்தான் மலை உச்சியில் தீபம் ஏறும். அம்மன் இந்த மலையைச் சுற்றி வந்து ஈசனிடம் பெற்றது இடப்பாகம் என்கிறது தலபுராணம். ஈசனே தன் உடம்பில் பாதி இடம் கொடுத்த ஊர் இது. நாம் கொடுக்க வேண்டியது ஒற்றை அறை, அதுவும் வாடகைக்கு.

வாசகர், திருவண்ணாமலை: உங்கள் மனம் மாறியது எப்போது?

சில வருஷங்களுக்கு முன், இங்கிருந்து வேலூர் போகும் பஸ்ஸில். ஜன்னலோரம் ஒரு திருநங்கை உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, கையில் சரியாக எண்ணி வைத்த சில்லறை. பக்கத்து சீட் காலி. பத்துப் பதினைந்து பேர் கம்பியைப் பிடித்து நின்றோம். ஆம், நானும் நின்றேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

போளூரில் பூக்கூடையோடு ஒரு பாட்டி ஏறினார். இடது வலது பார்க்கவில்லை. "தள்ளி உக்காரும்மா" என்று சொல்லிக் கூடையை அவர் மடியில் பாதி, தன் மடியில் பாதி வைத்து உட்கார்ந்தார். கண்ணமங்கலம் வருவதற்குள் இருவரும் மல்லிப்பூ விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டிக்குத் தீர்ப்பும் தெரியாது, அரசிதழும் தெரியாது. அன்றிலிருந்து காலி சீட் இருந்தால் நான் நிற்பதில்லை.