கசிகிற தண்ணீருக்குக் கேசரிப் பவுடர்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய எங்களில் கனபேருக்கு முதல் உத்தியோகம் கோப்பை கழுவுவது. ஊரில் வாத்தியாராக இருந்தவரும் வங்கியில் இருந்தவரும் ஏதாவதொரு ரெஸ்ரோறன்றின் பின்கதவால் உள்ளே போய் ஏப்ரன் கட்டிக்கொண்டார்கள். நானும் கட்டினேன். அங்கே நின்ற மெசினை இன்றைக்கும் மறக்க முடியாது. கூடையில் கோப்பைகளை அடுக்கி உள்ளே தள்ளி மூடியை இழுத்துவிட்டால், ஒன்றிரண்டு நிமிசத்தில் கழுவி, 82 டிகிரி வெந்நீரில் அலசி, கை சுடச் சுட வெளியே தரும். அப்படியொரு மெசினோடு பழகியவன் வீட்டில் கையால் கோப்பை கழுவுவதற்கு முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. மனைவிக்கு அது விளங்கவில்லை.

"கழுவ ஏலாதெண்டால் மெசினை வாங்குங்கோ" என்றாள்.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில் ஒரு வாடகை பேஸ்மென்ற். அலுமாரியை வெட்டி மெசின் பூட்டுவதற்கு மேல் வீட்டுக்கார அண்ணை விடமாட்டார். அதற்கென்றே சில்லுப் பூட்டிய மெசின் ஒரு சாதி இருக்கிறது. மூலையில் நிற்கும். வேலை வந்தால் சிங்குக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து, அதன் வாயைக் குழாயின் நுனியில் கொழுவிவிட வேண்டும். அந்த ஒரே வாயில் இரண்டு குழாய்கள்: ஒன்று சுடுதண்ணீரை உள்ளே எடுக்கும், மற்றது அழுக்குத் தண்ணீரை சிங்குக்குள் துப்பும். புதிது வாங்கப் பல நூறு டொலர் வேண்டும். ஆகவே வீடு மாறிப் போகிற ஒரு குடும்பத்திடம் பழையது வாங்கினேன். "ஒரு பழுதும் இல்லை. இடம் காணாமல் கராஜுக்குள் விட்டிருந்தோம்" என்றார்கள்.

கோப்பை கழுவும் மெசினுக்கு வழிகாட்டியவர் ஜோசஃபின் கொக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. இலினோய் மாநிலத்துக்காரி, வசதியானவர். வேலையாட்கள் கழுவும்போது தன் பீங்கான் கோப்பைகளின் விளிம்பு உதிர்கிறது என்று மனம் நொந்து, தானே ஒரு மெசினை வடிவமைத்து 1886இல் காப்புரிமை வாங்கினார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலும் அதை வைத்தார். ஆனால் வீட்டுக்காரர்கள் வாங்கவில்லை, ஹோட்டல்களும் ரெஸ்ரோறன்றுகளும்தான் வாங்கின. மெசினுக்கும் முதல் உத்தியோகம் எங்களுக்குக் கிடைத்ததேதான்.

எங்கள் மெசினை முதல்முறை ஓடவிட்டபோது அடியில் தண்ணீர் தெரிந்தது. முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு குளம். வீட்டில் இருந்த துவாய் எல்லாம் குசினிக்கு வந்தது. பின்னாலேயே நிபுணர்களும் வந்தார்கள்.

மனைவியின் தம்பி கதவைத் திறந்து, சுற்றியிருந்த றப்பரை விரலால் அழுத்திப் பார்த்து, "அத்தான், றப்பர் போட்டுது" என்றான். கூடவே கொழுவியிருந்த வாயையும் பிடித்து இழுத்தான். அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. குழாயைப் பூட்டி, அந்தப் பொத்தானை அழுத்தி, உள்ளே அடைபட்ட தண்ணீரின் அமுக்கத்தை விட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். அவன் அழுத்தவில்லை. நல்ல காலம், கலியாண வீட்டுக்குப் போகிற சேட் இல்லை.

மேல் வீட்டு அண்ணை படியால் இறங்கி வந்தார். மெசின் முன்பக்கம் சரிந்து நிற்பதால் கதவடியால் தண்ணீர் வருகிறது என்றார். அது நடக்கக்கூடிய காரியந்தான். கன மெசின்களில் கதவின் கீழ்ப்பக்கத்தில் றப்பரே இருக்காது. "நிலம் சரிவோ அண்ணை?" என்று கேட்டேன். "நிலம் நேர். மெசின்தான் சரிவு" என்றார். அந்த நிலத்தில் ஒரு உருண்டை எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது தானாகவே குளியலறைக்குப் போய்ச் சேரும். ஆனால் வாடகைக்கு இருப்பவன் நிலத்தைப் பற்றி வீட்டுக்காரரோடு வாதிடுவதில்லை.

மாமி, மெசின் வீட்டுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை என்றா.

கடைசியாக வந்தவர் சித்தப்பா. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் "எங்க கசியுது?" என்று குனிந்தார்கள். அவர் குனியவே இல்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்தபடி, "தம்பி, எப்பக் கசியுது?" என்று கேட்டார்.

கசிவு விசயத்தில் நான் கேட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அது. தண்ணீர் இடத்தைப் பற்றிப் பொய் சொல்லும். பின்பக்கம் வெடித்த தண்ணீர் இரும்புச் சட்டத்தின் வழியே ஓடிவந்து முன்பக்கம் சொட்டும். நேரத்தைப் பற்றி அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. தண்ணீரைத் திறந்த உடனேயே கசிந்தால் பிழை உள்ளே வருகிற பாதையில். தண்ணீர் நிரம்பி முடிகிற நேரம் கசிந்தால் மிதவையைப் பார்க்க வேண்டும். தொட்டியின் அடியில் கவிழ்த்த பேணி மாதிரி ஒரு பிளாஸ்ரிக் துண்டு நிற்குமே, அதுதான். அதனடியில் ஏதாவது சிக்கி அது மேலே எழும்பாவிட்டால், தண்ணீர் போதும் என்று சொல்ல ஆளில்லை. கழுவுகிற நேரம் கசிந்தால் கதவு றப்பர், தண்ணீர் தெளிக்கிற கையில் வெடிப்பு, பம்பின் றப்பர் என்று சந்தேகப்படலாம். கனகாலம் ஓடாமல் கிடந்த மெசினில் பம்பின் றப்பர் காய்ந்து போயிருக்கும். தண்ணீரை வெளியே தள்ளுகிற நேரம் கசிந்தால் கழிவுக்குழாய்.

எங்களுடையது எப்போது கசிகிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் துவாய் பிழிந்துகொண்டு நின்றோம்.

"பிள்ளை, கேசரிப் பவுடர் இருக்கே?" என்று மனைவியிடம் கேட்டார் சித்தப்பா. பவுடரைக் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றினார். தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கிற வாரப் பத்திரிகைகளை மெசினுக்கு அடியில் விரித்தோம். வெளியே வருகிற தண்ணீர் செம்மஞ்சளாக இருந்தால் அது தொட்டிக்குள் இருந்து வருவது. வெள்ளையாக இருந்தால் தொட்டிக்குப் போகாமலே தப்பியது. மெசினை ஓடவிடவில்லை. குழாயை மட்டும் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் மரண அறிவித்தல் பக்கத்தின் இடது மூலை நனைந்தது. வெள்ளைத் தண்ணீர்.

றப்பர், சரிவு, செவ்வாய்க்கிழமை மூன்றும் அந்தக் கணமே நிரபராதிகள் ஆயின.

மின்சார வயரைக் கழற்றிவிட்டு முன்பக்கத்துக் கீழ்த் தகட்டை எடுத்தோம். "இஞ்சேரும், ரோச் லைற்றை இதில பிடியும்" என்றேன். உள்ளே எடுக்கிற குழாய் வந்து சேருகிற இடத்தில் கைக்கு அடக்கமான ஒரு வால்வு. அதன் பிளாஸ்ரிக் உடம்பில் மயிரிழை வெடிப்பு. அதற்குள்ளால் தண்ணீர் நூலாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

சித்தப்பா கேட்ட இரண்டாவது கேள்வி: "குளிருக்க இது எங்க நிண்டது?"

கராஜுக்குள். இந்த நாட்டில் சூடேற்றாத கராஜ் என்றால் வெளியே நின்ற மாதிரித்தான். ஓடி முடிந்த மெசினின் வால்விலும் பம்பிலும் கொஞ்சத் தண்ணீர் எப்போதும் தங்கி நிற்கும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். அது பருக்க இடம் வேண்டும். பிளாஸ்ரிக் இடம் கொடுத்துவிடும், வெடித்து. விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோகும்போது அது பழுதில்லாமல்தான் போயிருக்கும்.

கதவு விளிம்பில் ஒட்டியிருந்த மொடல் இலக்கத்தைச் சொல்லிப் புது வால்வு எடுத்தோம். பிளம்பர் வாசலில் கால் வைப்பதற்கு வாங்குகிற கூலியை விட மலிவு. பூட்டுவதற்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. அதிலும் பாதி சித்தப்பாவின் சீமெந்துத் தொழிற்சாலைக் கதைகளுக்குப் போயிற்று.

கசிவு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வந்தது, இம்முறை கதவடியால், வெள்ளை வெளேரென்று நுரையாக. மெசினுக்குரிய பவுடர் முடிந்திருந்ததால் மாமி உதவிக்கு வந்து, சிங்கடியில் இருந்த கைச் சவர்க்காரத்தைத் தாராளமாக விட்டிருந்தா. மெசினுக்கான பவுடர் நுரைக்காமல் செய்யப்பட்டது. கைச் சவர்க்காரம் நுரைக்கவென்றே பிறந்தது. நுரைக்கு றப்பரும் தெரியாது கதவும் தெரியாது. வினாகிரி விட்டு, வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டி வந்தது. "சவர்க்காரமெண்டால் சவர்க்காரந்தானே" என்பதில் மாமி இன்றைக்கும் உறுதியாக இருக்கிறா.

இப்போது மெசின் நன்றாகவே ஓடுகிறது. எவர்சில்வர் கோப்பைகள் பளபளக்கின்றன. ஆனால் இரும்புத் தோசைக்கல்லை உள்ளே வைத்தால் துருப்பிடிக்கும், அலுமினியச் சட்டி கறுக்கும், மரப்பிடி அகப்பை வெடிக்கும், பித்தளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் குசினிச் சாமானில் அரைவாசி அதற்கு ஆகாது. அந்த அரைவாசி எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பழைய மெசின் வாங்கப் போகிறவர்களுக்கு: நிறத்தையும் சில்லையும் பார்த்து மயங்காதீர்கள். அது குளிர்காலத்தை எங்கே கழித்தது என்று கேளுங்கள். கராஜ் என்று சொன்னால், ஒரு வால்வின் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.