எவ்வளவுக்குப் போட்டீங்க?

பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு, ஊறுகாய் வந்துவிட்டன. கூட்டுக்காரர் நம் வரிசைக்கு இன்னும் வரவில்லை. அந்தச் சின்ன இடைவெளி போதும் ஆஃபர் மாமாவுக்கு.

"தம்பி எங்க தங்கியிருக்கீங்க?"

லாட்ஜ் பெயரைச் சொல்வோம். "ஏசியா, நான் ஏசியா?" அதையும் சொல்வோம். தலையை மெதுவாக ஆட்டிக்கொள்வார். இலையில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் புறங்கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்பார்.

"எவ்வளவுக்குப் போட்டீங்க?"

சொல்லாமல் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். "சுமாரான வாடகைதான் மாமா" என்று மழுப்பினால் அவரே ஏலத்தை ஆரம்பிப்பார். "ஆயிரத்தைநூறு? ஆயிரத்தெண்ணூறு? ரெண்டாயிரம்?" என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏற்றிக்கொண்டு போவார். எந்தத் தொகைக்கு நம் கண் இலைப் பக்கம் போகிறதோ அங்கே நிறுத்திவிடுவார். அப்புறம் ஒரு பெருமூச்சு. "அடடா... எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

இதற்குள் சாம்பார் வந்துவிடும். வலது கையில் சோறு பிசைந்தபடி, இடது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பார். இடது கட்டைவிரலை அந்த போன் ஏற்றுக்கொள்ளாது. இரண்டு முறை தேய்த்துப் பார்ப்பார். பக்கத்து இலைப் பையனை விட்டு ரகசிய எண்ணை அடிக்கச் சொல்வார். அந்த எண் இப்போது பாதிக் கல்யாண மண்டபத்துக்குத் தெரியும். போனுக்குள் பேரன் படம் நாலைந்துதான் இருக்கும். மற்றதெல்லாம் ஸ்க்ரீன்ஷாட். கும்பகோணம், தஞ்சாவூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று ஊர் வாரியாக லாட்ஜுகள். நம்முடையதைத் தேடி எடுத்து மூக்குக்கு நேராக நீட்டுவார்.

"இதே லாட்ஜ். இதே ரூம். முந்தாநாள் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு. 1,479."

அவ்வளவுதான். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினோம், வெந்நீர் வந்தது, கொசு இல்லை என்பதெல்லாம் அந்த நொடியே செல்லாமல் போய்விடும். அடுத்து வரும் பாயசம் இனிக்காது. வாடகையைக் கொடுத்தது நாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரியவைத்தது அவர். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

அந்த 1,479-ஐக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் கதை தெரியும். ஓரத்தில் பொடி எழுத்தில் வரி தனி என்று போட்டிருக்கும். கேட்டால், "வரிதான் போன செப்டம்பர்லேர்ந்து..." என்று ஆரம்பித்துவிடுவார். 7,500 ரூபாய்க்குட்பட்ட அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது 2025 செப்டம்பர் 22 முதல் என்பது, அவருக்குத் தன் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்டில் உள்ள தேதியைப் பார்த்தால் அது முகூர்த்த நாள் இல்லை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. டெல்டாவில் செவ்வாய்க்கிழமை யார் கல்யாணம் வைக்கிறார்கள்? லாட்ஜ்காரர் அன்றைக்கு சும்மாகூடக் கொடுப்பார். நம் தேதிக்கு இப்போதே போட்டுக் காட்டுங்கள் என்றால், "அது அப்ப. இப்ப ஏறிடுச்சு. பார்த்த கையோட போட்டுடணும்ப்பா" என்பார். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்து மறைந்த விலை அது.

காசு கொடுத்துத் தங்கியவர்களோடு இதை நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார்தான் அறை போட்டுக் கொடுப்பார்கள். இவருக்கும் ஒன்று கிடைக்கும். சல்லிக்காசு செலவில்லை. இருந்தும், மாப்பிள்ளை அழைப்பு வாசலுக்கு வந்திருக்கும் நேரத்தில், ஒரு கையில் மேளக்காரருக்கான கவரும் இன்னொரு கையில் பூக்காரர் சீட்டுமாக நிற்கும் பெண்ணின் அப்பாவை ஓரமாக அழைத்துப்போவார். "சம்பந்தி, பன்னெண்டு ரூமும் மேனேஜர்கிட்ட நேரா பேசிட்டீங்களா? தப்பு பண்ணிட்டீங்களே." அந்த மனிதர் மகளைப் பிரியும் துக்கத்தில்தான் அன்று கண்கலங்கினார் என்று இன்றும் உறவில் பேசிக்கொள்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சென்னையிலிருந்து வந்தவர்களிடமும் கேட்டிருக்கிறார். பெரிய கோயிலில் நந்தியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதியிடம் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். அவர்கள் நல்லவர்கள், யூரோவில் சொன்னார்கள். ரூபாயில் கணக்குப் போட்டு முடிக்கும்வரை மாமா சுற்றுப் பிராகாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ராஜராஜன் 1010-ல் குடமுழுக்குச் செய்த விமானம் தலைக்கு மேலே நிற்கிறது. இவர் அந்த வெள்ளைக்காரர் கொடுத்த வாடகைக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

தானே அறை எடுத்துத் தங்கும்போதும் நிம்மதி கிடையாது. உள்ளே பெட்டியை வைத்து, துண்டை உலர்த்திவிட்டு, கட்டிலில் சாய்ந்து, தாம் படுத்திருக்கும் அறையின் இன்றைய விலையைப் பார்ப்பார். ஒருமுறை 60 ரூபாய் இறங்கியிருந்தது. நேராக வரவேற்பு மேசைக்குப் போய், பழையதை ரத்து செய்து புதிதாகப் போட்டுக்கொள்கிறேன் என்று நின்றார்.

"சார், நீங்க ரூமுக்குள்ளதான இருக்கீங்க?" என்றான் அந்தப் பையன்.

"வெளில வந்துட்டேனே" என்றார் மாமா.

முதல் புக்கிங்குக்குத் தள்ளுபடி என்று எல்லாச் செயலிகளும் கொடுப்பதால், அவருக்கு ஓயாமல் புதுப் புது எண்கள் தேவைப்படும். மாமி நம்பர், மருமகள் நம்பர், பால்காரர் நம்பர் எல்லாம் தீர்ந்து இப்போது நம்மிடம் வந்து நிற்கிறார். நடுராத்திரி போன் அடித்தால் யாருக்கோ என்னவோ என்று பதறி எடுப்போம். "ஒண்ணுமில்ல, ஓடிபி வந்திருக்கா பாரு" என்பார். அடிக்கடி பார்த்தால் செயலி ஆளை அடையாளம் கண்டுகொண்டு விலையை ஏற்றிவிடும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே வீட்டில் இருக்கும் அத்தனை போனிலும் ஒரே லாட்ஜைத் திறந்து வைத்துக்கொள்வார். அப்படித் திறந்து வைத்த ஒரு ராத்திரி, சிவப்பு எழுத்தில் ஒன்று வந்தது: இந்த அறையை இப்போது 4 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவுக்கு வியர்த்துவிட்டது. அந்த நாலு பேரும் இவர்தான் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

இந்தச் சிவப்பு எழுத்து விவகாரம் உலகம் முழுக்க நாறிய ஒன்று. 2019 பிப்ரவரியில் எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம், அகோடா உள்ளிட்ட ஆறு தளங்கள், இப்படி அவசரப்படுத்தி விற்பதையும் கட்டணங்களை மறைத்து வைப்பதையும் மாற்றிக்கொள்வதாகப் பிரிட்டனின் போட்டி ஆணையத்திடம் உறுதி கொடுத்தன. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவது, விலையைத் துளித்துளியாக வெளியே விடுவது இரண்டும் அதில் இருக்கின்றன. இதையெல்லாம் ஒருநாள் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அப்படியா சங்கதி? சரி, ஒரே ஒரு ரூம்தான் பாக்கின்னு போட்டிருக்கு, சட்டுனு நம்பரைச் சொல்லு" என்றார்.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த லாட்ஜ் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். அந்த ஒரே ஒரு ரூமைப் பற்றி அவரிடம் கேட்டேன். சாவி மாட்டும் பலகையைக் காட்டினார். "மொத்தம் பதினெட்டு ரூம் சார். ஆப்புக்கு மூணுதான் விட்டிருக்கேன். அதுல ரெண்டு போயிட்டா ஒண்ணுதான் பாக்கின்னு காட்டும். மாடி முழுக்க காலியாத்தான் கெடக்கு." முகூர்த்த நாளில் அந்த மூன்றையும் மூடிவிடுவாராம். மற்ற நாளில் நூற்றுக்கு 15 முதல் 25 வரை கமிஷன் போகிறது என்றார். அப்படியானால் நேரில் வருபவருக்குக் குறைத்துக் கொடுக்கலாமே என்றால், ரொம்ப நாள் அதற்கும் வழியில்லாமல் இருந்ததாம். தங்களிடம் காட்டும் விலைக்குக் கீழே வேறெங்கும் விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது உள்ளிட்ட காரணங்களுக்காகத்தான், 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதே உத்தரவில், வேறு குற்றச்சாட்டில் ஓயோவுக்கும் 168.88 கோடி. இதையும் மாமாவிடம் சொன்னேன். அபராதத் தொகையைத் தள்ளுபடியில் கட்ட முடியுமா என்று கேட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ரத்து செய்தால் பணம் முழுக்கத் திரும்பும் என்ற வசதி வந்த பிறகு, மாமா ஒரு ஊருக்கு ஒரு அறை போடுவதை விட்டுவிட்டார். நாலு லாட்ஜில் போட்டு வைப்பார். கடைசி நாள்வரை விலையைப் பார்த்துக்கொண்டிருந்து, ரத்துக் கெடு முடிய அரை மணி இருக்கும்போது மூன்றை விடுவார். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் ஒரு அறைக்கு ஊரே அலையும். நடந்தே வந்து கால் வீங்கிப் போனவர்கள் லாட்ஜ் லாட்ஜாகக் கேட்டுக் கைவிரிக்கப்பட்டு மண்ணில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி அன்றும் அப்படித்தான். உள்ளே யாரும் வராத அறை பூட்டிக் கிடக்கும், பெயர் மாமாவுடையதாக இருக்கும். மேனேஜருக்கும் நஷ்டம், வெளியே நிற்பவருக்கும் நஷ்டம். இவர் மிச்சம் பிடித்தது நூறோ நூற்றைம்பதோ. இது சாமர்த்தியம் இல்லை மாமா, அக்கிரமம். நேரில் சொல்லியிருக்கிறேன். "நாளைக்கு வேணும்னா?" என்றார்.

கோபத்தோடு வந்துவிடலாம்தான். ஆனால் அவருக்குப் பாபநாசம் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று பார்த்து நாற்றங்கால் விட்டு, குறுவை அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் இருக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். 2025-26-ல் சாதா ரகம் குவிண்டாலுக்கு மத்திய அரசு விலை 2,369. மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து 2,500. ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது. ஈரப்பதம் 17-க்கு மேல் இருந்தால் காய வைத்துக் கொண்டு வா என்பார்கள். காய வைக்கும்போது மழை வரும். தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு, குவியல் ஓரத்தில் குந்தியபடி, குடைக்குள் போன் வெளிச்சத்தில் கொடைக்கானல் ஏரிக்கரை ஹோட்டல்களைத் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் கொடைக்கானல் போனதே இல்லை. உரக்கடையில் அவர்கள் சொன்ன விலை, நெல்லுக்கு இவர்கள் சொன்ன விலை. ஒரு மனிதர் பேரம் பேசி ஜெயிக்க லாட்ஜ் வாடகைதான் மிச்சம் இருக்கிறது. அந்த ஒரு ராத்திரி மட்டும் அவர் எந்த நேரத்தில் ஓடிபி கேட்டாலும் எழுந்து கொடுக்கலாம் என்று தோன்றியது.

மற்ற ராத்திரிகளுக்கு இது பொருந்தாது.

இப்போது 2028 மகாமகத்தில் வந்து நிற்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, 2016-ல் எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த கூட்டத்தைப் பார்த்தவர். எந்தச் செயலியிலும் அந்தத் தேதி இன்னும் திறக்கவில்லை. திறக்கிற நிமிஷத்தில் அடிக்க வேண்டும் என்று உறவில் யார் யாரெல்லாம் இன்னும் புக்கிங்கே பண்ணாதவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறார். போன வாரம் வீட்டுக்கு வந்து என் மாமியாரின் நம்பரைக் கேட்டார்.

"அவங்ககிட்ட இருக்கறது பட்டன் போன் மாமா."

"பட்டனா இருந்தா என்ன? ஓடிபி வருமில்ல, போதும்."

மாமியார் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"என் நம்பரால உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகும்?"

"ஒரு முந்நூறு..." என்றார் மாமா, சந்தோஷமாக.

"அதுல எனக்கு எவ்வளவு?"